பாட்டியின் வாழ்க்கையை யார் எழுதுவது?

நம் ஊர்களில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் காலமானால் செய்ய வேண்டியவை எல்லாருக்கும் தெரியும். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவார்கள், பதினாறாம் நாள் காரியம் செய்வார்கள், படத்துக்கு மாலை போடுவார்கள், ஆண்டுதோறும் திதி கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் நாளிதழில் நினைவஞ்சலி வெளியிடுவார்கள். அந்த அஞ்சலியில் பிறந்த தேதியும் மறைந்த தேதியும் இருக்கும், மகன் மகள் மருமக்கள் பேரன் பேத்திகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இரண்டு தேதிகளுக்கும் நடுவே அவர் வாழ்ந்த எழுபது எண்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இருக்காது. பிள்ளைகளுக்குப் பாசம் குறைவு என்று இதற்குப் பொருளில்லை. அவர் செய்ததெல்லாம் எழுதி வைக்கத்தக்க செயல் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த எண்ணம் தவறானது. குடும்பத்துக்காக உழைத்த ஒரு தாயை நினைவுகூர்வதில் முதல் கடமை அவர் வாழ்க்கையைப் பதிவு செய்வதே.

அவர் செய்தது எவ்வளவு என்பதைக் கணக்குகள் சொல்கின்றன. இந்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர உழைப்பு வாரவிடுமுறை இல்லாமல், ஓய்வூதியம் இல்லாமல் ஓர் ஆயுள் முழுக்க நடக்கிறது. நீதிமன்றங்களும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்தில் இறந்தவர்களுக்கான இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவியின் உழைப்பும் குடும்பச் சொத்து சேர்வதற்குக் காரணம், ஆகவே அவருக்கு அதில் சம பங்குண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமே ஒப்புக்கொண்ட உழைப்பு குடும்பத்தின் நினைவில் மட்டும் இடம்பெறாமல் போவது நியாயமில்லை.

பாட்டியின் பங்கு இன்னும் ஆழமானது. குழந்தை பெறும் வயது கடந்த பிறகும் பெண்கள் பல்லாண்டு வாழ்வது ஏன் என்பது உயிரியலில் நெடுநாள் கேள்வி. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு, பழம் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் முதலான மானுடவியலாளர்கள் ஆராய்ந்தபோது, முதிய பெண்கள் சளைக்காமல் கிழங்கு தோண்டிப் பேரக்குழந்தைகளின் பசியாற்றுவதைக் கண்டார்கள். பின்லாந்திலும் கனடாவிலும் தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்துத் தேவாலயப் பதிவேடுகளை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த ஆய்வு, ஐம்பது வயதுக்குப் பின் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சராசரியாக இரண்டு பேரக்குழந்தைகள் கூடுதலாகக் கிடைத்ததைக் காட்டியது. மனித இனம் தழைத்ததில் பாட்டிகளுக்குப் பெரும் பங்குண்டு என்று கருத இவை இடம் தருகின்றன.

பதிவு செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வங்காளத்தின் ராஸசுந்தரி தேவி சான்று. பன்னிரண்டு வயதில் மணமாகி, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, பெரிய குடும்பத்துக்குச் சமைத்தே நாளைக் கழித்தவர். பெண் படித்தால் கேடு வரும் என்று நம்பிய காலம் அது. ‘சைதன்ய பாகவதம்’ என்ற பக்தி நூலின் ஓர் ஏட்டை உருவி எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டுத் தானாகவே எழுத்துக் கற்றார். அவருடைய ‘அமார் ஜீவன்’ 1876-இல் வெளிவந்தது. வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று அது போற்றப்படுகிறது. அவர் எழுதாமல் போயிருந்தால் ‘நல்ல தாய்’ என்ற பெயர் மட்டும் ஒன்றிரண்டு தலைமுறை நிலைத்திருக்கும். அந்தத் தாய்க்குள் இருந்த கல்வித் தாகமும் ஆதங்கமும் துணிவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

தாயன்பை நிமிடத்திலும் ரூபாயிலும் அளப்பது அந்த அன்பைச் சிறுமைப்படுத்தாதா என்று சிலர் கேட்கலாம். அன்பை அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அன்பு உழைப்பாகத்தான் வெளிப்பட்டது. உழைப்பைக் காணாமல் அன்பை மட்டும் புகழ்வது அவருக்குப் பாதி மரியாதைதான். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் வாழ்வில் எழுத என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பஞ்சத்தில் குடும்பம் எப்படிப் பிழைத்தது, எந்த மண்ணில் எந்த விதை விளைந்தது, பிள்ளைப்பேறு எப்படி நடந்தது என்பவற்றை அரசு ஆவணங்களைவிட இத்தகைய பெண்களே நன்கு அறிவார்கள். 1988-இல் எழுத்தாளர் அம்பை முதலானோர் மும்பையில் தொடங்கிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகம் பெண்களின் வாய்மொழி வரலாற்றைச் சேகரித்து வருவது இந்த நம்பிக்கையில்தான். அந்தரங்கமானவற்றைக் கிளற வேண்டுமா என்ற தயக்கம் மட்டும் மதிக்கத்தக்கது. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த முடிவை எடுக்க, முதலில் அவரிடம் யாராவது கேட்க வேண்டும்.

ஆகவே அம்மாவோ பாட்டியோ உயிரோடு இருக்கும்போதே அருகில் உட்கார்ந்து கேளுங்கள். படித்த பள்ளி, நிறுத்திய வகுப்பு, தோழியர் பெயர், கற்ற தொழில், நிறைவேறாத ஆசை, கைப்பக்குவம் அனைத்தையும் கைபேசியில் அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். மறைந்துவிட்டவர் என்றால் அவருடன் பிறந்தவர்களையும் பழகியவர்களையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த நினைவு நாளில் மாலையோடு அவரைப் பற்றிய நான்கு பக்கங்களும் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.