பிப்ரவரி 9: கொத்தடிமை முறை ஒழிப்பு நாளின் தோற்றம்

இந்தியாவில் பிப்ரவரி 9ஆம் நாள் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இது பொது விடுமுறையன்று. அரசு அலுவலகங்களில் உறுதிமொழி ஏற்கும் நாள். இந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டதன் பின்னணியை இக்கட்டுரை விளக்குகிறது.

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தவில்லை. அவற்றுக்கென 1843இல் இயற்றப்பட்ட 5ஆம் சட்டம், அடிமையின்மீது கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்ததேயன்றி, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமைகளை வாங்குவதும் விற்பதும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தாலேயே குற்றமாயின. ஆயினும் பிறப்பால் கட்டுண்டிருந்த பண்ணையாள், கடனால் கட்டுண்டவராக நீடித்தார்.

அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. அதனைச் செயற்படுத்த 1975 அக்டோபரில் அவசரச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றான நாடாளுமன்றச் சட்டம் 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் அச்சட்டம் 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே விடுதலை தொடங்கிய நாள் வேறு. நினைவுகூரப்படும் நாள் வேறு. கொத்தடிமைக் கடன்கள் திருப்பிச் செலுத்த வேண்டாதவையாயின.

திருப்பூர் வட்டாரத்தில் இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. நூற்பாலைகளில் நிலவிய ‘சுமங்கலித் திட்டம்’ இளம்பெண்களின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஏறத்தாழ மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தந்தது. இங்கே கட்டியது முன்பணமன்று, தரப்படாத கூலி. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகப் பெறும் உழைப்பும் கட்டாய உழைப்பே என ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அருள்புரம் போன்ற பின்னலாடைப் பகுதிகளில் இந்நாளின் பொருளை உறுதிமொழியைவிடக் கூலிப் பதிவேடே காட்டும்.