குருத்தணுக்கள் மூலம் சிறுநீரக மீளுருவாக்கம்

குருத்தணுக்கள் மூலம் சிறுநீரக மீளுருவாக்கம் என்பது, சிதைந்த சிறுநீரகத் திசுவைக் குருத்தணுக்களைக் கொண்டு சீராக்கவோ புதிதாக உருவாக்கவோ முயலும் மருத்துவ ஆய்வுத்துறை ஆகும். ஸ்டெம் செல் எனப் பரவலாக அறியப்படும் குருத்தணு, தன்னைப் போன்ற உயிரணுக்களையும் வேறு வகை உயிரணுக்களையும் உண்டாக்க வல்லது. இம்முறை இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளது. முற்றிலும் செயலிழந்த சிறுநீரகத்துக்கு ஈடாக இன்று நடைமுறையில் இருப்பவை டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவையுமே.

சிறுநீரகத்தின் இயல்பு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குருதியை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஏறத்தாழ 10 இலட்சம் உள்ளன. இவற்றை உருவாக்கும் முன்னோடி உயிரணுக்கள் கருவின் 36ஆம் வாரமளவில் தீர்ந்துவிடுகின்றன. அதன்பின் புதிய நெஃப்ரான்கள் தோன்றுவதில்லை. எனினும் நெஃப்ரானின் நுண்குழல் சுவரிலுள்ள உயிரணுக்கள் பெருகிச் சேதத்தைச் சரிசெய்யும். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பிலிருந்து பலர் மீள்வது இதனால்தான். நாட்பட்ட நோயிலோ நெஃப்ரான்கள் அழிந்து, அவ்விடத்தில் தழும்புத் திசு படிகிறது.

ஆய்வு வழிகள்

முதிர்ந்த உயிரணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பும் முறையை ஜப்பானின் சின்யா யாமானாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனித உயிரணுக்களிலும் காட்டினார். இத்தகைய மனிதக் குருத்தணுக்களிலிருந்து, நெஃப்ரான்கள் கொண்ட நுண் சிறுநீரகத் திசுக்களை ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டில் குழுவினர் உருவாக்கி 2015இல் வெளியிட்டனர். அவை கருவின் முதல் மூன்று மாதச் சிறுநீரகத்தை ஒத்தவை. முறையான குருதிக்குழாய் அமைப்பும் சிறுநீர் வெளியேறும் வழியும் அவற்றில் இல்லை. எனவே இப்போதைக்கு மரபுவழி நோய்களை ஆராயவும், மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கவுமே பயன்படுகின்றன.

மற்றொரு வழியில், எலியின் சிறுநீரகத்திலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கி, எஞ்சிய சட்டகத்தில் புதிய உயிரணுக்களைக் குடியேற்றினர். இதில் பயன்பட்டவை குருத்தணுக்கள் அல்ல. பிறந்த எலிக்குட்டியின் சிறுநீரக உயிரணுக்களும் மனிதத் தொப்புள்கொடிக் குருதிநாள உயிரணுக்களுமே. ஹரால்ட் ஓட் குழுவினர் அமெரிக்காவில் 2013இல் வெளியிட்ட இவ்வாய்வில், எலிக்குப் பொருத்தப்பட்ட உறுப்பு சிறிதளவு சிறுநீரைச் சுரந்தது.

நோயாளிகளிடம் சோதனை

எலும்பு மச்சையிலிருந்து பெறும் இடைத்திசுக் குருத்தணுக்கள் நெஃப்ரான்களாக மாறுவதில்லை. அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியைத் தணித்து, எஞ்சியுள்ள உயிரணுக்கள் தேற உதவலாம் என்பதே எதிர்பார்ப்பு. இதய அறுவைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 156 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், இவற்றைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட விரைவாகக் குணமடையவில்லை.

ஆபத்துகள்

நிறுவப்படாத சிகிச்சை பயனற்றதாக மட்டுமன்றி ஊறு விளைவிப்பதாகவும் அமையலாம். தாய்லாந்தில் லூப்பஸ் சிறுநீரக அழற்சி கொண்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய குருத்தணுக்களே சிறுநீரகத்தில் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. அவ்விடங்களில் குருதிக்குழாய்த் திரள்கள் வளர்ந்தன, நோயும் தணியவில்லை. 2010இல் வெளியான மருத்துவ அறிக்கை இதைப் பதிவுசெய்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, குருதி தொடர்பான சில நோய்களுக்கு அப்பால் குருத்தணுக்களை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைகளில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆகவே கட்டணம் பெற்றுக்கொண்டு சிறுநீரகத்தைப் புதுப்பிப்பதாக உறுதி கூறுவோரை நம்பி டயாலிசிஸை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.