கழிவு என்று யார் சொல்வது? தியாகதுருகம் வட்டாரமும் உயிரி எரிசக்திக் கூட்டுகளும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி என மாறி மாறி விளைகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. மேற்கே கல்வராயன் மலை. வேளாண் எச்சங்களிலிருந்து மின்சாரமும் எரிவாயுவும் எடுக்கும் திட்டமொன்றை வரைபடத்தில் பொருத்திப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிட வசதியான நிலப்பகுதி கிடைப்பது அரிது.

இத்தகைய திட்டங்களைப் பேசும் ஆவணங்கள் ‘வட்டாரக் கூட்டு’ என்ற சொல்லை விரும்பிப் பயன்படுத்துகின்றன. உழவர், ஆலை, எண்ணெய் நிறுவனம், வங்கி, ஊராட்சி ஆகியோர் கைகோத்தால் கிராமப் பொருளாதாரம் வளரும் என்பது அவற்றின் சாரம். இந்தப் பட்டியலில் கரும்பு வெட்டுபவர் இல்லை. ஆடு மேய்ப்பவர் இல்லை. காலனியில் சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கும் பெண் இல்லை. கூட்டாளி யார் என்பது ஒப்பந்தம் எழுதப்படும் முன்பே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. நாம் தலையிட வேண்டிய இடமும் அதுவே.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பயிர், மரம், கால்நடை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும், எரிக்கவோ நொதிக்க வைக்கவோ கூடிய அனைத்தும் உயிரித்திரள். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 280 முதல் 300 கிலோ சக்கை மிஞ்சுகிறது. ஆலை அதைக் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் பெறுகிறது. தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை விற்கலாம். கழிவுப்பாகிலிருந்து எத்தனால் கிடைக்கிறது. பிரஸ்மட் எனப்படும் ஆலைச் சேறு, சாணம், கோழி எச்சம், மரவள்ளித் திப்பி ஆகியவற்றைக் காற்றுப் புகாத கலனில் நொதிக்க வைத்தால் மீத்தேன் நிறைந்த வாயு வரும். 25 கிலோ சாணத்திலிருந்து சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அதைச் சுத்திகரித்து அழுத்தினால் வாகனங்களை ஓட்டலாம். தட்டையையும் குச்சியையும் பொடித்து அழுத்தி வில்லைகளாக்கினால் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கலாம்.

சந்தையும் உருவாகிக்கொண்டிருக்கிறது. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘சதத்’ திட்டம் 5,000 அழுத்தப்பட்ட உயிர்வாயு நிலையங்களை இலக்காக அறிவித்தது. அதன் சிறு பகுதியே எட்டப்பட்டது என்றாலும், 2025-26 முதல் நகர எரிவாயு நிறுவனங்கள் தம் விற்பனையில் 1 விழுக்காடு உயிர்வாயுவைச் சேர்க்க வேண்டும், 2028-29இல் அது 5 விழுக்காடாக உயர வேண்டும் என்ற கட்டாயம் வந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளியையும் எத்தனாலுக்கான மூலப்பொருளாக ஏற்றுள்ளது. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் நாளொன்றுக்கு 15 டன் வாயு தயாரிக்கும் திறனுடன் ஒரு நிலையம் அமைந்திருக்கிறது. வைக்கோலும் தட்டையும் இடத்தை அடைக்கும் பொருட்கள். தொலைவு கூடினால் வண்டி வாடகை அவற்றின் விலையை விழுங்கிவிடும். ஆகவே இத்தொழில் மூலப்பொருள் விளையும் இடத்துக்கே வந்தாக வேண்டும். தியாகதுருகத்தைப் போன்ற ஊர்களுக்கு இருக்கும் பேரம் பேசும் வலிமை இதுதான்.

அந்த வலிமை யாருடைய கையில் இருக்கப்போகிறது? நிலவுடைமையாளரின் கண்ணுக்குக் கழிவாகத் தெரிவது சேரியில் வாழ்வாதாரம். அறுவடை முடிந்த வயலில் ஆடு மாடு மேய்க்கும் வழக்கம், கரும்பு வெட்டும்போது கொழுந்தாடையை மாட்டுத் தீவனமாக எடுத்துச் செல்லும் வழக்கம், மரவள்ளிக் குச்சியை அடுப்புக்கு எடுக்கும் வழக்கம் ஆகியவை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாதவை. இந்தியா முழுவதும் பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் வேளாண் நிலப்பரப்பு, 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, மொத்தத்தில் 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நிலமற்றவர்கள் பிறர் நிலத்தின் எச்சத்தைக் கொண்டே கால்நடை வளர்க்கிறார்கள். எச்சத்துக்கு டன் கணக்கில் விலை வந்த மறுநாளே வேலி வரும். நேற்றுவரை மேய்ச்சலாக இருந்தது இன்று திருட்டாகும். நூறு நாள் வேலையும் கூலியும் போதாத வீட்டில் இரண்டு ஆடுகள்தான் சேமிப்பு என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பின் அளவு விளங்கும்.

இது வெறும் அச்சமன்று. 2000களில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று நாடெங்கும் பேசப்பட்டபோது, ‘தரிசு’ என்று பதிவேட்டில் குறிக்கப்பட்ட நிலங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் உழவர்கள் நட்டார்கள். எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. பலர் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். பதிவேடு தரிசு என்று சொன்ன நிலம் உண்மையில் மேய்ச்சலும் விறகும் தந்துகொண்டிருந்த நிலம் என்பதைத் திட்டமிட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ‘தரிசு’, ‘கழிவு’ இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். உரிமை கோருவோர் இல்லை என்று பொருள்படும்படி அவை பயன்படுத்தப்படுகின்றன.

கரும்பின் பணம் சட்டப்படி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு தந்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. நிலுவைக்காக உழவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2012இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, பிரஸ்மட் ஆகியவற்றின் வருவாயையும் சேர்த்து அதில் 70 விழுக்காட்டை உழவருக்குத் தரப் பரிந்துரைத்தது. தமிழ்நாடும் 2018இல் வருவாய்ப் பகிர்வு முறைக்குச் சட்டம் இயற்றியது. இவ்வளவு விரிவான கணக்கில் வெட்டுக் கூலித் தொழிலாளிக்கு ஒரு வரிகூட இல்லை. மேஸ்திரி தரும் முன்பணத்தில் குடும்பத்தோடு கட்டுண்டு கரும்பு வெட்டப் போகிறவர்கள் இருளரும் தலித்துகளுமே. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். வட மாவட்டங்களின் கரும்புத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் மீட்கப்படுவது இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சக்கையிலிருந்து ‘பசுமை மின்சாரம்’ என்று விற்கும் ஆலையிடம், அந்தக் கரும்பு முன்பணக் கடனில் வெட்டப்பட்டதா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

உயிர்வாயுக் கலனைப் பற்றி யாரும் பேசாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கலனில் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்பைடும் உருவாகிறது. அடைப்பெடுக்க உள்ளே இறங்கும் மனிதரைச் சில மூச்சுகளில் கொல்லும் வாயு அது. சாணமும் சேறும் நிறைந்த குழிக்குள் இறங்க எந்தச் சாதியினரை அழைப்பார்கள் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையால் மலமள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்த் தொட்டி என்பதை மனிதக் கழிவைத் தேக்கும் தொட்டி என்றே வரையறுக்கிறது. சாணமோ பிரஸ்மட்டோ நிரம்பிய கலனில் ஒருவர் இறந்தால் அது இச்சட்டத்தின் சொற்களுக்குள் எளிதில் அடங்காது. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 30 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் அந்தக் குடும்பம் தனியே வாதாடித்தான் பெற வேண்டியிருக்கும். எனவே கலனுக்குள் மனிதர் இறங்கக் கூடாது, அடைப்பு இயந்திரத்தால் மட்டுமே அகற்றப்பட வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்வது தலித் இயக்கங்களின் வேலை.

பெரும்பாலும் உயிரித்திரளைக் கொண்டே இயங்கும் 15 மெகாவாட் வரையிலான மின்நிலையங்களுக்கு, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை. முன் அனுமதி இல்லையென்றால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. நாம் எழுந்து பேசக்கூடிய அவை கிராம சபை ஒன்றுதான்.

மலையின் நிலை சற்று வேறு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகே, இம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. மிஞ்சியிருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது மூங்கிலையும் புதர் விறகையும் சிறு வன மகசூல் என்று வரையறுத்து, அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்வோருக்கு உடைமை உரிமை தருகிறது. எரிசக்திக்காக மலையிலிருந்து ஒரு வண்டி மூங்கில் இறங்கினாலும் அதை விற்பவர் கிராம சபையின் கீழ் இயங்கும் மக்களாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு அதில் இடமில்லை.

அப்படியானால் இத்தொழில் வேண்டாமா? வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. வேலையற்ற வட்டாரத்தில், எச்சம் சேகரித்தல், கட்டுதல், உலர்த்துதல், வில்லையாக்குதல் என ஆண்டு முழுவதும் நீளக்கூடிய வேலை இது. உடைமை யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2000களின் தொடக்கத்தில் குடிநீர் இறைக்க 9 கிலோவாட் விறகு வாயுக் கலனை அமைத்தது. 2006இல் வங்கிக் கடன் பெற்று 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. ஓர் ஊராட்சி மின் உற்பத்தியாளராக முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஊராட்சி என்பதே இங்கு சாதியின் களம். 2022 சுதந்திர நாளில் இதே மாவட்டத்தின் எடுத்தவாய்நத்தத்தில் பட்டியல் சாதித் தலைவர் தேசியக் கொடி ஏற்ற முடியுமா என்பதே கேள்வியாகி, நிர்வாகமும் காவல்துறையும் துணை நிற்க வேண்டியிருந்தது. கொடிக்கம்பத்துக்கே இந்த நிலை என்றால் மின் ஆலையின் வருவாய்க்கு?

ஆகவே ஊராட்சியோடு கூடவே நிலமற்றோர் தாமே உறுப்பினராக இருக்கும் அமைப்பு ஒன்று தேவை. அதற்கான வழி நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ‘உற்பத்தியாளர் நிறுவனம்’ என்றால் நிலமுள்ள உழவர்களின் நிறுவனம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதிகாரிகளும் சிட்டா கேட்கிறார்கள். சட்டத்தின் வரையறை அவ்வளவு குறுகியதன்று. முதன்மை விளைபொருளோடு தொடர்புடைய எந்தச் செயலில் ஈடுபடுபவரும் உற்பத்தியாளரே; கால்நடை வளர்ப்பும் வன விளைபொருளும் துணைப்பொருட்களும் அதற்குள் வருகின்றன. சாணம் சேர்க்கும் பெண்ணும் தோகை கட்டும் தொழிலாளியும் உறுப்பினராகலாம். பத்துப் பேர் போதும். தனிநபர்களே உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. முதலீட்டுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு, அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் மூலதன மானியம்.

வாங்கும் நிறுவனங்களையும் கட்டிப்போட வேண்டும். பிரேசில் 2004 டிசம்பரில் தன் பயோடீசல் திட்டத்தோடு ‘சமூக எரிபொருள் முத்திரை’யைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட அளவு மூலப்பொருளைச் சிறு குடும்ப உழவர்களிடம் வாங்கும் நிறுவனத்துக்கே வரிச்சலுகை. ஒப்பந்தம் எழுதும்போது ஊரகத் தொழிலாளர் சங்கங்களும் உடனிருக்கும். அங்கும் தெற்கின் வசதியான சோயா உழவர்கள் பெற்ற அளவுக்கு வடகிழக்கின் ஏழை ஆமணக்கு உழவர்கள் பெறவில்லை. அளவை வட்டார வாரியாகவும் சமூக வாரியாகவும் நிர்ணயிக்க வேண்டும் என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனம் வாங்கும் வாயுவில், மக்கள்தொகையில் 20 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினரின் நிறுவனங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை இங்கே இன்னும் யாரும் உரக்க வைக்கவில்லை.

தியாகதுருகம் ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. திட்ட அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேய்ச்சல், விறகு, தீவனத்துக்காக எந்தெந்த எச்சத்தை எத்தனை குடும்பங்கள் பயன்படுத்துகின்றன என்ற பட்டியலை மாணவர்கள் ஒரு விடுமுறையில் காலனி வாரியாகத் தயாரித்துவிட முடியும். அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாக வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை எழுந்து போகாமல் இருந்து, சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒப்பந்தத்தை எதிர்த்தோ திருத்தக் கோரியோ நீதிமன்றம் செல்லும்போது வழக்குரைஞர்களாகிய நாங்கள் முதலில் கேட்கும் தாள் அதுதான்.