தாயின் உளநலம்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வளைகாப்பு நிறைவுற்றபின் கருவுற்ற மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்துவருதல் வழக்கம். அங்கே அவளுடைய உணவும் உறக்கமும் நன்கு பேணப்படும். ஆயினும், அவள் உள்ளம் எவ்வாறு உள்ளது என வினவுவோர் அரியர்.

அவ்வினாவை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் எழுப்பினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்டிர் 359 பேரைக் கருவுற்ற கடைசி மூன்று திங்களில் கண்டு, மகப்பேற்றின்பின் 6 முதல் 12 வாரங்களில் மீண்டும் ஆராய்ந்தனர். முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. மகப்பேற்றின்பின் புதிதாக மனச்சோர்வு நோயுற்றோர் நூற்றுக்கு 11 பேர்!

காரணங்கள் யாவை? வறுமை ஒன்று. வேலையில் கைகொடுப்பார் இன்மை மற்றொன்று. மாமியாரோடு மட்டுமன்றிப் பெற்றோரோடு நேர்ந்த பிணக்கும் நோய்க்கு வித்திட்டது. தாய்வீடு எல்லார்க்கும் நிழலாவதில்லை போலும். ஆண்மகவை எதிர்நோக்கிய இல்லத்தில் பெண்மகவு பிறந்ததும் ஒரு காரணமாயிற்று. அக்குழவி செய்த பிழைதான் யாது?

இந்நோய் மருத்துவத்தால் தீர்வது. முற்பட அறிதலே வேண்டுவது. அதற்கென ஸ்காத்துலாந்து அறிஞர் 1987இல் பத்து வினாக்களை வகுத்தனர். மனம்விட்டுச் சிரிக்க இயலுகின்றதா, காரணமின்றி அச்சம் எழுகின்றதா என்பன போன்ற எளிய வினாக்கள் அவை. வேலூரில் அவற்றைத் தமிழிலும் ஆக்கிச் சோதித்துள்ளனர். செவிலியர் ஒருவர் சில நிமிடங்களில் அவற்றைக் கேட்டு முடிக்கலாம்.