கொன்ராக்ற் தாளை இரசித்தல்

கறுப்பு வெள்ளை ஒளிப்படக் கலையில், கழுவிய பிலிம் சுருளைத் துண்டுகளாக வெட்டி, ஒளியுணர் தாளின் மேல் நேராக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சிறிது நேரம் ஒளி படவிட்டுப் பெறும் பிரதி கொன்ராக்ற் தாள் எனப்படும். 35 மி.மீ. சுருளின் 36 படங்களும் ஆறு வரிசைகளாக ஒரே தாளில் அடங்கும். படம் பெருப்பிக்கப்படாததால் ஒவ்வொன்றும் 24 × 36 மி.மீ. அளவிலேயே இருக்கும். சுருளின் ஓரத் துளைகளும் இலக்கங்களும் கூடப் பதிவாகும். எதைப் பெருப்பிப்பது என்று தெரிவு செய்வதே இதன் முதல் நோக்கம். பிடித்த படத்தை மெழுகுப் பென்சிலால் கட்டமிடுவர்.

வேலைத்தாள் ஒன்றை ஏன் கலையாகப் பார்க்க வேண்டும்? நீங்கள் நன்கு அறிந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். ரீசேட்டுகளில் காணும் சே குவேராவின் முகம், 1960 மார்ச் 5 இல் கியூபாவின் ஹவானா நகரில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்ததாகும். முதல் நாள் கப்பல் வெடிப்பில் இறந்தோருக்கான அஞ்சலிக் கூட்டம் அது. அன்றைய சுருளில் பிடல் காஸ்ட்ரோ இருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரும் இருக்கிறார். மேடையின் முன்பக்கம் சில கணங்களே வந்து நின்ற சேக்குக் கிடைத்தவை இரண்டு படங்கள் மாத்திரம். கோர்டா பணியாற்றிய பத்திரிகை அப்போது அவற்றைப் பிரசுரிக்கவில்லை. 1967 இல் சே கொல்லப்பட்ட பின்னரே அம்முகம் சுவரொட்டிகளில் உலகெங்கும் பரவியது.

சுருளில் உள்ள முழுப்படத்தில் சே தனியாக இல்லை. இடப்புறம் ஒருவரின் பக்கத் தோற்றம், வலப்புறம் பனையின வகை மரமொன்றின் ஓலைகள். இரண்டையும் வெட்டி நீக்கியதும், கூட்டத்தில் நின்ற மனிதர் இடமும் காலமும் அற்ற ஒரு சின்னமாகி விடுகிறார். சுவரொட்டியை மட்டும் பார்ப்பவருக்கு அது ஓர் அஞ்சலிக் கூட்டம் என்பதே தெரியாது. கொன்ராக்ற் தாளில் அது மறைவதில்லை.

இத்தகைய தாளை இரசிக்கும்போது முதலில் சற்றுத் தள்ளி வைத்து, கருமையும் வெண்மையும் முழுத்தாளில் எவ்வாறு பரவியுள்ளன எனப் பாருங்கள். பின்னர் இலக்க ஒழுங்கில் ஒவ்வொன்றாக வாசியுங்கள். கலைஞர் எங்கே நெருங்கினார், எங்கே கமராவைத் திருப்பினார் என்பது புலப்படும். "படம் அழகாக உள்ளது" என்று எழுதுவது இரசனை ஆகாது. தெரிவுக்கான காரணத்தை எழுதுங்கள். பயிற்சியாக இதனைச் சிந்தியுங்கள்: கோர்டாவின் முதற்படம் கிடையானது. இரண்டாவது நிலைக்குத்தானது, அதில் சேயின் தோளுக்குப் பின்னால் இன்னொருவரின் தலை தெரிகிறது. கோர்டா முதலாவதையே பெருப்பித்தார்.