விழுந்தவரைக் கண்டால் நிற்கலாமா?

சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவில் நடைபெற்ற மிதிவண்டிப் பந்தயம் தோழியர் பலருக்கும் நினைவிருக்கும். மைதானத்தை நான்கு முறை சுற்றி வர வேண்டும். மூன்றாவது சுற்றில், வேப்பமரத்தடித் திருப்பத்தில், எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மணலில் சறுக்கி விழுந்தாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் நால்வர் வந்துகொண்டிருந்தோம். மூவர் விலகி ஓட்டிச் சென்றோம். நான்காமவள் மட்டும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிச் சென்று அவளருகே உட்கார்ந்துகொண்டாள். விலகிச் சென்ற மூவருள் நானும் ஒருத்தி. எனக்கு இரண்டாம் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. விழுந்த தங்கைக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது.

அன்று மாலை வகுப்பில் பெரிய வாதம் மூண்டது. "பந்தயம் என்றால் பந்தயம்தான். பத்தடி தூரத்தில் உடற்பயிற்சி ஆசிரியை நிற்கிறார்கள், முதலுதவிப் பெட்டி இருக்கிறது, நாம் நின்று என்ன செய்துவிடப் போகிறோம்?" என்று நான் கேட்டேன். ஒருவராலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வாதத்தில் வென்றேன். ஆனாலும் அந்த டம்ளரில் தண்ணீர் குடிக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. ஆகவேதான் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

டிரையத்லான் என்றொரு போட்டி உண்டு. முதலில் நீச்சல், பிறகு மிதிவண்டி, கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடைவிடாமல் முடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முறையாக இது சேர்க்கப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். இதில் அதிகமாக அடிபடுவது மிதிவண்டிப் பகுதியில்தான். நீரிலிருந்து களைத்து எழுந்து வந்தவர்கள் நெருக்கமாகக் கூட்டமாய் ஓட்டும்போது, முன்வண்டியின் பின்சக்கரத்தை நம் முன்சக்கரம் லேசாகத் தொட்டாலே போதும், விழுவோம். நெடுந்தூரப் போட்டிகளிலோ காற்றைக் கிழித்துச் செல்வதற்காக முன்னால் நீண்ட கம்பிகளில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுகிறார்கள். அப்போது கை பிரேக்கின் மேல் இருப்பதில்லை. விழுகிறவர் கையை நீட்டித் தரையில் ஊன்றுவார், அல்லது தோளில் மோதி விழுவார். இரண்டிலும் அடியின் விசை காறை எலும்புக்கே போய்ச் சேர்கிறது. நம் பள்ளித் தங்கைக்கு நேர்ந்ததும் இதுவே.

இந்தப் போட்டியின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. தலைக்கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிய பிறகே மிதிவண்டியைத் தொடலாம். முந்தித் தொட்டால் தண்டனை. நம் ஊரில் தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டும் அண்ணன்மாரை இந்தப் போட்டியில் சேர்த்தால் முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள்!

சரி, பந்தயத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் நிற்கிறார்களா? 2016 ஆகஸ்டு 7 அன்று ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் சாலை மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆன்மீக் வான் ஃப்ளூட்டன் முதலிடத்தில் சென்றுகொண்டிருந்தார். கடைசி மலை இறக்கத்தில் நிலைதடுமாறிச் சாலையோரக் கல்லில் மோதி விழுந்து அசைவற்றுக் கிடந்தார். பின்னால் வந்த அமெரிக்க வீராங்கனை மாரா அபட் அவரைக் கடந்து போனார். அதற்குப் பின் வந்தவர்களுள் ஒருவர் அதே நெதர்லாந்து அணியின் அன்னா வான் டெர் ப்ரெகன். தன் தோழி கிடந்த கிடையைக் கண்டும் அவர் நிற்கவில்லை. தொடர்ந்து ஓட்டி, முடிவுக்குச் சற்று முன் அபட்டையும் முந்தித் தங்கம் வென்றார். வான் ஃப்ளூட்டனுக்கு முதுகெலும்பில் மூன்று சிறு முறிவுகள், மூளையதிர்ச்சி. ஆயினும் குணமடைந்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநேரப் போட்டியில் அவரே தங்கம் வென்றார்.

இதைப் படித்தவுடன், "பார்த்தாயா, ஒலிம்பிக்கிலேயே நிற்கவில்லை" என்று எனக்கு ஒரு நிம்மதி பிறந்தது. மறுபுறம், அதே ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோ நாட்டுக் கோசுமெலில் நடந்த டிரையத்லானையும் படித்தேன். முதலிடத்தில் ஓடிய ஜானி பிரவுன்லி வெயில் தாங்காமல் தள்ளாடியபோது, அவருடைய அண்ணன் அலிஸ்டர் தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து, தனக்கு முன்னால் எல்லைக் கோட்டைத் தாண்டும்படி தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்க வீரர் முதலிடம் பெற்றார், தம்பி இரண்டாமிடம், அண்ணன் மூன்றாமிடம். இதைப் பார்த்தால் மீண்டும் மனம் குழம்புகிறது.

எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டபோது அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "அந்தப் பந்தயத்தில் விழுந்தவருக்குப் பின்னால் யார் வந்துகொண்டிருந்தார்கள்?" யோசித்தேன். நடுவர்களின் வண்டி, மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் வந்துகொண்டிருந்தன. நிற்காமல் போனவருக்கு அந்தத் துணை இருந்தது. "நம் சேலம், நாமக்கல் சாலையில் ஒருவர் விழுந்தால் பின்னால் யார் வருகிறார்கள்?" என்று அடுத்துக் கேட்டார்கள். அங்கே பின்னால் வருகிறவர்கள் நாம்தாம். நமக்குப் பின்னால் யாரும் அனுப்பப்படவில்லை.

காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் வழியாகத்தான் போகிறது. மல்லூர், ஆண்டகலூர் கேட், புதுச்சத்திரம் என்று இருபுறமும் சோளக்காடும் மரவள்ளிக் கிழங்கும் கோழிப் பண்ணையுமாய் நீளும் அந்தச் சாலையில் லாரிகளுக்கும் முட்டை வண்டிகளுக்கும் நடுவே பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளரும் மிதிவண்டியிலும் மொபெட்டிலும் போகின்றனர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. "நிற்கலாமா, வேண்டாமா" என்று மூன்று நொடி யோசிப்பதற்குள் விழுந்தவர் 50 மீட்டர் பின்னால் போய்விடுவார். ஆகையால் சாலையில் வந்து யோசித்துப் பயனில்லை. வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் தந்தை லாரி ஓட்டுநர். அவர் நிற்பதில்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது கண்ணு, நெசந்தானே" என்றார். நான் பிறந்த ஆண்டில் ஓர் ஊருக்கு அருகே இரவில் மோட்டார் சைக்கிளோடு கிடந்த ஒருவரை லாரியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தாராம். "ஏத்திக் கொண்டுபோனதுக்கு, நீதான் இடிச்சியான்னு கேட்டாங்க. விடிய விடிய உக்கார வெச்சாங்க. அப்புறம் மூணு வாய்தா. வாய்தாவுக்கு ஒரு டிரிப் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன்." நெடுஞ்சாலையில் ஓடும் பல ஓட்டுநர்களிடம் இப்படி ஒரு கதை இருக்கிறது. நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் விலகிப் போனார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கும்போது அவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். அப்பாவின் கதையைக் கேட்ட பிறகு, அவர்களும் ஏதேனும் வாய்தாவுக்குப் பயந்திருப்பார்களோ என்று தோன்றுகிறது.

ஆனால் அப்பா அறியாத ஒரு செய்தி உண்டு. அவர் அறியாதது மட்டுமன்று, நம்மில் பலரும் அறியாதது. சட்டம் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தின் கதை நீளமானது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் காரில் அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது, "இது போலீஸ் வழக்கு, இங்கே பார்க்க மாட்டோம்" என்று 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்கு அனுப்பினர். வழியிலேயே அவர் இறந்தார். செய்தித்தாளில் வந்த இந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த கட்டாரா என்பவர் வழக்குத் தொடுத்தார். போலீஸ் வரும்வரை காத்திராமல் முதலில் உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவருக்கு வழி பிறந்தது. கொண்டுவந்து சேர்ப்பவருக்கு இன்னும் பிறக்கவில்லை. 2007இல் டில்லியில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய மாணவர் ஒருவர் அடிபட்டுச் சாலையில் கிடந்தார். எவரும் உதவாமல் உயிரிழந்தார். அவருடைய உறவினர் பியூஷ் திவாரி மறு ஆண்டில் 'சேவ்லைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கி, பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மார்ச் 30 அன்று, உதவுகிறவர்களைக் காக்கும் விதிகளை நாடு முழுவதும் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் தலைப்பில் உள்ள பெயர் என்ன தெரியுமா? 'நல்ல சமாரியர்.' புனித லூக்கா நற்செய்தியின் பெயர் நம் நாட்டு மோட்டார் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது!

இதன்படி, விழுந்தவருக்கு நல்லெண்ணத்தோடும், கைம்மாறு கருதாமலும் உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது. உதவும்போது தெரியாமல் ஏதேனும் தவறு நேர்ந்து அடிபட்டவருக்குக் கெடுதல் ஏற்பட்டாலும் முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி போலீசார் வற்புறுத்தக் கூடாது என்று 2020 செப்டம்பரில் வந்த விதிகள் கூறுகின்றன. விரும்பினால் சொல்லலாம். சாட்சியாக இருக்க அவரே சம்மதித்தால், அவருக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும் ஒரே முறையில் விசாரித்து முடிக்க வேண்டும். இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வாசலில் தேடிப் பாருங்கள். செலவைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, எந்த மாநிலத்தவராயினும் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றி, 1 லட்சம் ரூபாய் வரை, அளிக்க ஏற்பாடு செய்தது.

பயம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். நின்றபின் என்ன செய்வது? உவமையில் சமாரியர் காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டி, தம் விலங்கின் மேல் ஏற்றிக்கொண்டு போனார். அந்த அன்பைக் கற்போம், ஆனால் அந்த முறையை இன்று செய்யக் கூடாது என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்கள். முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால், தூக்கி மடக்கி ஏற்றுவதாலேயே ஆயுள் முழுவதும் கைகால் விளங்காமல் போகலாம். நம் ஊரில் நால்வர் கைகாலைப் பிடித்து ஆட்டோவுக்குள் மடித்துத் திணிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

முதலில் நம்முடைய வண்டியை ஓரமாக, மற்றவர் கண்ணில் படும்படி நிறுத்த வேண்டும். ஒருவர் சற்றுத் தள்ளி நின்று வரும் வண்டிகளுக்குக் கை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் உதவ வந்தவரும் சேர்ந்து அடிபடுவார். உடனே 108க்குப் பேச வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணும் உண்டு. "மல்லூருக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் போதாது. சாலையோரக் கல்லில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவே தடுப்புச் சுவர் இருப்பதால் எதிர்ப்பக்கம் வந்த ஆம்புலன்ஸ் வெகுதூரம் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

அடிபட்டவர் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். பேசினால், "அசையாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று சொல்லி, தலைப்பக்கம் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளலாம். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். வளர்ந்த மனிதர் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர் இரத்தம்தான். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கக் கூடாது. தலைக்கவசத்தையும் நாமாகக் கழற்றக் கூடாது. மூச்சு நின்றாலோ வாந்தி அடைத்தாலோ மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்கிக்கொள்ள மற்றவர் மெதுவாகக் கழற்றலாம். மூச்சே இல்லாவிட்டால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். மூளைக்கு உயிர்வளி கிடைக்காவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே அது கெடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. கூட்டத்தில் ஒருவராவது சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றுவார். நல்ல மனத்தோடுதான் செய்கிறார். ஆனால் நினைவு சரியாக இல்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும், அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தால் அதற்கும் இடைஞ்சல். அவர் கையிலிருந்து சோடாவை மரியாதையாக வாங்கிக் கீழே வைப்பதும் ஓர் உதவியே.

படித்துப் பார்த்தால் இவற்றுள் பெரிய படிப்பு தேவைப்படுவது எதுவுமில்லை. அன்று மைதானத்தில் என் தோழி செய்ததும் இதுதான். எழுந்திருக்க முயன்ற தங்கையை அசையாமல் இருக்கச் சொல்லி, ஆசிரியை வரும்வரை அவள் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூக்கி நிறுத்தியிருந்தால் முறிந்த எலும்பு இன்னும் விலகியிருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னாராம். "பத்தடியில் ஆசிரியை இருக்கிறார்களே" என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் பத்தடியைக் கடந்து வரும்வரை அங்கே ஒருவர் வேண்டும்.

இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சட்டப் பகுதி வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். "எல்லா ஸ்டேஷன்லயும் இது தெரிஞ்சிருக்குமா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பிரிவின் எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இப்போது அது லாரியில் நாமக்கல் ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பையில் இரண்டு வெள்ளைத் துண்டுகளை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார்.