ஏடும் இறுவட்டும்

பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தமை எவ்வாறு? எழுதிய ஓலை அழியாது நின்றமையால் அன்று. அது செல்லரிக்குமுன் வேறோர் ஓலையில் ஒருவர் படியெடுத்தமையாலேயாம். படியெடுப்பாரற்ற நூல்கள் பல பெயரளவில் எஞ்சின. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் இத்தொண்டின் தொடர்ச்சியே.

இந்நெறி இசைக்கும் பொருந்தும். 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிந்து வைப்பது. இன்று அதனை இயக்கும் கருவிகள் அருகிவிட்டன. 2021இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது. இணையவழி இசைச்சேவை இருக்க இறுவட்டு எதற்கு என்று வினவுவோர் உளர்.

அச்சேவையின் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. லயன் அறையிலிருக்கும் மாணவன் விரும்பிய கணத்தில் கருநாடக இசையைக் கேட்கிறான்; அவன் பாட்டனுக்கு அஃது எட்டாக் கனி. ஆயினும் அஃது இரவற் செல்வமே. உரிமை ஒப்பந்தம் முடியின் பாடல் நீங்கும். கட்டணம் நின்றால், கட்டணத்தின் பேரில் இறக்கி வைத்த பாட்டும் ஒலிக்காது. மலைமறைவில் அலை எட்டாவிடின் கைத்தொலைபேசியும் ஊமையாகும்.

இவற்றினும் பெரிதொன்று உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன மலையக மக்களின் கலைச்செல்வங்கள். இவற்றைத் தோட்டத்துக் கலைஞர் பாட, உள்ளூரார் பதிந்த இறுவட்டு ஒன்று அலுமாரியில் கிடக்குமாயின், அதனை எவரேனும் ஏற்றினாலன்றி எந்தச் சேவையிலும் அது கிடையாது. இறுவட்டும் சாவாவரம் பெற்றதன்று. ஒளிதெறிக்கும் அதன் உலோகப் படலம் காற்றும் ஈரமும் புகின் கெடும்.

ஆதலின் படியெடுத்தல் வேண்டும். கணினியில் இட்டு, 'ஃபிளாக்' என்னும் இழப்பிலா வடிவிற் சேமித்தல் நன்று. 'எம்பி3' இடத்தைச் சுருக்குமாயினும் ஒலியின் நுண்கூறுகள் சிலவற்றைக் களைந்துவிடும். பாடியவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றையும் உடன் எழுதுக; முகவரியற்ற பாட்டு அநாதைப் பிள்ளையை ஒக்கும்.

ஒரு படியோடு அமைதலும் ஆகாது. இரத்தினபுரி 2003இலும் 2017இலும் வெள்ளத்தில் மூழ்கியது. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016இல் மலை சரிந்து மனைகளை மூடியது. எனவே ஒரு படி வீட்டில் இருப்பின், மற்றொன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும்.

கேட்டு இன்புறுதற்கு இணையச்சேவை போதும். காத்து அளித்தற்குக் கைவசமுள்ள படியே துணை. ஆசிரியன்மார் வரும் விடுமுறையில் மாணவரைத் தத்தம் தோட்டத்து இறுவட்டுகளைத் தேடித் திரட்டுமாறு ஏவுவாராக. பாடியவர் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரைக் கேட்டு எழுதுதல் எளிது.